இரண்டு பக்கமும் நாலடி

ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு வில்லா லேஅவுட்டில் ஒன்பது வருஷமாகத் தோட்ட வேலை செய்கிறேன். அதில் ஒரு நாள் என் வேலை போகப் பார்த்தது. புதிதாகக் கத்திரி பிடிக்க வருகிறவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

1. நான் செய்த தப்பு

எங்கள் லேஅவுட்டில் வீட்டுக்கு வீடு நடுவில் சுவர் கிடையாது. துரந்தா வேலிச்செடிதான். நாலடிக்கு மேல் வளரக் கூடாது என்பது அசோசியேஷன் ரூல். அதற்காக நாலடி மூங்கில் கழி ஒன்று வைத்திருக்கிறேன். செடியை ஒட்டி அதை நிறுத்தி, மேலே தெரிவதை வெட்டிவிடுவேன்.

ஆறாம் நம்பர் ஸ்டெல்லா சுங்குவார்சத்திரத்தில் ஒரு கம்பெனியில் லைன் லீடர். செடி உயர்ந்து துணிக்கொடிக்கு வெயில் வருவதில்லை, ஈர யூனிஃபார்மோடு கம்பெனி பஸ் ஏறுகிறேன் என்று புகார் எழுதிக் கொடுத்தாள். சூப்பர்வைசர் பாபு வெட்டச் சொன்னான். அவள் பக்கம் நின்று கழியை வைத்தேன். செடி இரண்டடி அதிகம் இருந்தது. பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்துப் பாதி வெட்டிவிட்டேன்.

செடிக்கு அந்தப் பக்கத்து ஏழாம் நம்பர் சார் பனியனோடு ஓடி வந்தார். அவர் பக்கம் செடி முட்டி உயரம்தான் நின்றது. பாத்ரூம் ஜன்னல் அப்படியே வெளியில் தெரிந்தது.

"எங்க வீட்டுப் பொம்பளைங்க இனிமே எப்படிக் குளிப்பாங்க?" என்றார். நாளையிலிருந்து இந்த அம்மா வரக் கூடாது என்று பாபுவிடம் சொல்லிவிட்டார்.

பாபு என்னைப் பார்த்தான். "இன்னா ஆயா, கழியத் தலைகீழா புடிச்சிட்டியா?"

ஏழாம் நம்பர் மனையில் சவுடு மண் கொட்டி இரண்டடி ஏற்றியிருக்கிறார்கள். அவர் பக்கம் நின்று அளந்திருந்தால் செடி சரியாக நாலடிதான். அந்தச் செடியை நட்டவளே நான். தெரிந்திருந்தும் ஒரு பக்கம் மட்டும் அளந்தேன்.

2. சார் சுற்றி வந்தது

நாலு பேர் முன்னால் நான் பேச மாட்டேன். அன்று பேசாவிட்டால் வேலை இல்லை.

"சார், இன்னும் பாதி வெட்டல. அந்தாண்ட வந்து ஒரு தபா நின்னு பாருங்க" என்றேன்.

என்ன நினைத்தாரோ, வந்தார். குடிவந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் அவர் கால் வைத்ததில்லை. வெட்டாத செடி அவர் தலைக்கு மேல் நின்றது. அதன் நிழலில் யூனிஃபார்ம் தொங்கியது.

"தொட்டுப் பாருங்க சார். நேத்து காலைல போட்டது" என்றாள் கொடி பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா.

தொட்டுப் பார்த்தார். கையைப் பனியனில் துடைத்துக்கொண்டார். பிறகு பாபுவை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: "இப்ப இன்னாம்மா பண்ணலாம்?"

கொடி இருக்கிற இடத்தில் ஸ்டெல்லா பக்கம் நின்று நாலடி. பாத்ரூம் ஜன்னலுக்கு நேராக சார் பக்கம் நின்று நாலடி. அங்கே செடி ஏறுகிற வரை பச்சை வலை கட்டித் தருகிறேன் என்றேன். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். மீதிப் பாதியை அப்போதே வெட்டி முடித்தேன். மறுநாள் வலையோடு வேலைக்குப் போனேன்.

ரூலில் எவ்வளவு உயரம் என்று இருக்கும். எங்கே நின்று அளப்பது என்று இருக்காது. இரண்டு பக்கமும் நின்று பார்த்த பிறகு கத்திரியைத் திறக்க வேண்டும்.

இதற்கப்புறம் அசோசியேஷன் சொல்லி ரூலை மாற்றி எழுதும்போது பாபு கேட்டான், "எந்தப் பக்கம்னு போடட்டும் ஆயா?"

"ரெண்டு வூட்டுக்காரங்களும் கூட நிக்கணும்னு போடு" என்றேன். அப்படியே போட்டிருக்கிறான்.