சுவரைப் பார்த்து அமர்ந்த காலைகள்

செம்பாக்கத்தில் நாங்கள் வாழும் அடுக்ககத்தின் வண்டி நிறுத்துமிடத்தில், சென்ற ஐப்பசி மழையின்போது ஒரு தெருநாய் நான்கு குட்டிகளை ஈன்றது. மழை வலுத்துத் தரைத்தளத்தில் நீர் புகுந்த நாளில், அது குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விச் சென்று பக்கத்து வெற்றுமனையில் இருந்த தகரக் கொட்டகைக்குள் சேர்த்தது. நீர் வடிந்ததும் தரைத்தளத்து ஆசிரியை தேடிப் போய் மூன்றைத்தான் மீட்டு வந்தார். நான்காவது வெள்ளத்தில் போயிருக்கும் என்றே எல்லோரும் கருதினோம்.

அந்த அம்மையார் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் மழலை வகுப்பு நடத்துபவர். அடுக்ககம் முழுவதற்கும் அவர் ‘டீச்சர்’தான். குட்டிகள் கண் திறந்து தள்ளாடி நடக்கத் தொடங்கியதும் அவர் மேற்கொண்ட பணி, வியப்புக்குரியது. மாலைதோறும் குட்டிகளை ஒரு கோணிமேல் விட்டுவிட்டு, வருவோர் போவோரையெல்லாம் அழைத்தார். தலைக்கவசம் அணிந்தவர் அதனைக் கழற்றாமலே வந்து குட்டியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். குடை பிடித்தவர் அதை விரித்துச் சுருக்கிக் காட்ட வேண்டும். நான் என் கைத்தடியோடு வந்து அமர வேண்டும். கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் பெண்மணியும் இதற்குத் தப்பவில்லை.

“இன்னா டீச்சர், நாய்க்கெல்லாம் இஸ்கூலா? பீஸ் எவ்ளோ?”

“உங்க கூடைதான்க்கா பீஸ். கொஞ்சம் கிட்ட வந்து நில்லுங்க, இந்த வாசனையும் அதுங்களுக்குப் பழகட்டும்.”

“பழகிச்சின்னா அப்பால கூடையில எனுக்கு இன்னா மிச்சம் கீது?”

இவ்வளவு பாடு எதற்கு என்று ஒருநாள் ஆசிரியையிடம் கேட்டேன். “இந்த வயசுல பாக்குறதெல்லாம் அதுங்களுக்குச் சொந்தம் சார். ரெண்டு மாசம் கழிச்சுப் பாத்தா அதே குடை பூதமாத் தெரியும். என் கிளாஸ்லயும் அப்படித்தான். வீட்டுக்கு நாலு பேர் வந்து போற பிள்ளை முதல் நாளே விளையாடும். அடைச்சு வச்சு வளர்ந்த பிள்ளை தீபாவளி வரைக்கும் அழும்.”

அவர் சொல்லை ஐயுற எனக்கு வழியில்லை. எங்கள் தளத்திலேயே அதற்குச் சான்று உலவிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டில் ஆந்திரத்திலிருந்து வந்த குடும்பம். அவர்களுக்கு ஒரு சிறுமி. அடுத்த வீட்டுத் தமிழ்க் குழந்தை, மூன்று வயதினள், அவளோடு விளையாடியே தெலுங்கைத் தன்வயமாக்கிக்கொண்டாள். நானோ பணி ஓய்வுக்குப்பின் இலக்கண நூல் வாங்கி முறையாகத் தெலுங்கு பயின்றவன். நான் வாயைத் திறந்தால் அச்சிறுமிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு வருத்தம் இல்லை. அவ்வளவு எளிதாக ஒரு மொழி மனிதனுக்குள் குடியேற முடியும் என்பதைக் கண்முன் காண்பதே பெரும் பேறு.

தை முடிவதற்குள் மூன்று குட்டிகளும் அடுக்ககத்தின் செல்லங்களாயின. மாசியில் பக்கத்து மனையின் உரிமையாளர் வீடு கட்டத் தொடங்கிக் கொட்டகையைப் பிரித்தபோது, உடைந்த சிமெண்டு மூட்டைகளின் பின்னாலிருந்து பழுப்பு நிறத்தில் ஒன்று பாய்ந்து வெளியே ஓடியது. நான்காவது குட்டி! தாய் நாய் நாள்தோறும் மதிலின் அடியிலிருந்த பொந்து வழியாக நுழைந்து சென்றது நாங்கள் நினைத்ததுபோல் எலி பிடிக்க அல்ல, பிள்ளைக்கு உணவூட்ட என்பது அப்போதுதான் விளங்கியது. கண் திறந்தது முதல் அக்குட்டி மனித முகத்தை அருகில் கண்டதே இல்லை.

அது தாயின் பின்னால் எங்கள் வளாகத்துக்கு வந்து சேர்ந்தது. இரக்கத்தால் எல்லோரும் பெரும்பிழை செய்தோம். பிசுக்கோத்தும் பாற்சோறும் ஏந்திக்கொண்டு, ‘வா, வா’ என்று நாற்புறமும் சூழ்ந்து நின்றோம். அஞ்சி நடுங்கிய அது, வழி தேடி ஓடுகையில் உணவு கொண்டுவந்த ஒருவரின் காற்சட்டை நுனியைக் கவ்விக் கிழித்துவிட்டது. தோலில் படவில்லை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர், தொடர்வண்டித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், அன்று மாலையே முடிவுக்கு வந்துவிட்டார். “இன்னைக்குப் பேண்ட்டு. நாளைக்குக் காலு. ஒரு வண்டியில ஏத்திப் பள்ளிக்கரணைப் பக்கம் விட்டுரலாம்.”

அங்குள்ள சதுப்பு நிலத்தின் ஓரம் திரியும் நாய்க்கூட்டங்களை நான் அறிவேன். மனிதரையும் அறியாமல், இரை தேடவும் பழகாமல் இருந்த இக்குட்டி அங்கே சில நாள்கூடத் தாங்காது. ஆசிரியையும் அதை அறிந்திருந்தார்.

“ஈஸ்டர் வரைக்கும் டைம் குடுங்க சார். அதுவரைக்கும் யாரையாவது கடிச்சா, நானே வண்டி புடிச்சுக் கொண்டுபோறேன்.”

“சரியாயிடுமா டீச்சர்?” என்றார் செயலாளர்.

“மத்த மூணு மாதிரி ஆகாது. அந்தக் கதவு அப்பத் தொறந்திருந்துச்சு. இப்பத் தாழ் விழுந்துடுச்சு. மெதுவாத்தான் தட்டிப் பாக்கணும்.”

முதல் மூன்றுக்குச் செய்ததற்கு நேர்மாறாக இதற்குச் செய்தார். ஒருவரும் அதனை அழைக்கக்கூடாது. ஏறிட்டுப் பார்க்கவும் கூடாது. காலையில் நெகிழி நாற்காலிகளைச் சுவரை நோக்கிப் போட்டு, அதற்கு முதுகு காட்டி அமர வேண்டும். கையிலுள்ள கருவாட்டுத் துணுக்கைத் திரும்பாமலே பின்னால் நழுவ விட வேண்டும். நான் நாளிதழோடு போய் அமர்ந்தேன். இன்னும் சிலர் சேர்ந்தனர். ‘கடிக்கிறதா என்று கண்காணிக்கத்தான்’ என்று சொல்லிக்கொண்டு செயலாளரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மீன்காரப் பெண்மணி வாயிலில் திகைத்து நின்றுவிட்டார்.

“இன்னா சார் இது, அல்லாரும் செவுத்தப் பாத்துகினு குந்திகினு கீறீங்க? வூட்ல கோச்சிகினு வந்துட்டீங்களா?”

செயலாளர் தலையைத் திருப்பாமலே, “சத்தம் போடாதம்மா, கிளாஸ் நடக்குது” என்றார்.

மற்றக் குட்டிகள் மூன்றும் எங்கள் கால்களின்மேல் ஏறிப் புரண்டன. அவற்றின் துணிவைப் பார்த்துப் பார்த்துத்தான் பழுப்புக்குட்டி நெருங்கியது. உடன்பிறப்பு ஒன்று என் செருப்பைக் கடித்து விளையாட, இது இரண்டடி பின்னால் கழுத்தை நீட்டி மோந்துவிட்டு ஓடும். மறுநாள் ஓடுவதற்கு முன் சற்று நிற்கும். ஒருநாள் என் குதிகாலில் ஈரமான மூக்கு பட்டது. நாளிதழில் அதற்குப்பின் ஒரு வரியும் என் மனத்தில் பதியவில்லை. திரும்பிப் பார்க்காமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எப்பொருளையும் எளிதில் ஏற்கும் பருவத்தை இழந்த ஓர் உயிர், ஒவ்வொரு அங்குலத்தையும் அச்சத்தோடு போராடி ஈட்டிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றும் விளையாட்டாகப் பெற்றதை இது உழைத்துப் பெற்றது. என் மதிப்பு முழுவதும் இதன்மீதே சென்றது.

ஈஸ்டருக்கு முந்திய வாரம், புதிய ஒருவர் தோளில் பெரிய தண்ணீர்க் கேனைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தார். அவரது தலையே தெரியவில்லை. மூன்று குட்டிகளும் வாலை ஆட்டியபடி அவரை எதிர்கொண்டன. பழுப்புக்குட்டி விறைத்து எழுந்தது. பிடரி மயிர் சிலிர்த்தது. அசைய வேண்டாம் என்று ஆசிரியை எங்களுக்குக் கைகாட்டினார். செயலாளர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றினார்.

அது உறுமவில்லை. உடன்பிறந்தவற்றைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. பிறகு பின்வாங்கி மதிலோரம் போய், நடுங்கியபடியே படுத்துக்கொண்டது.

“இவ்ளோதான் சார் வரும்,” என்றார் ஆசிரியை செயலாளரிடம். “தொட்டா ஒத்துக்காது. மடியில வந்து உக்காராது. பயந்தா ஒதுங்கிப் போகக் கத்துக்கிட்டிருக்கு. அது போதுமான்னு நீங்கதான் சொல்லணும்.”

செயலாளர் விடை கூறுவதற்குள், தண்ணீர்க் கேன்காரர் அந்தக் குட்டியைக் கண்டு, ‘ச்சூ, ச்சூ’ என்று கொஞ்சியபடி அதை நோக்கி ஓரடி வைத்தார். செயலாளர் பதறி எழுந்தார்.

“ஐயோ, அதப் பாக்காதீங்கண்ணா! எங்க நாய்தான், கொஞ்சம் கூச்ச சுபாவம். நீங்க பாட்டுக்கு நேரா நடங்க.”