கழித்துப் போட்டதைக் கிளறும் மருத்துவச்சி

கேய் தீவுகளின் கடைக்கோடியில் இருக்கிறது எங்கள் தீவு. அதன் சுகாதார நிலையத்துக் கூரையில் இணையத் தட்டை மாட்டிய அன்று பாதிரியார் வந்து புனிதநீர் தெளித்தார். கொஞ்சம் அதிகமாகவே தெளித்துவிட்டார் போலிருக்கிறது. அன்றிலிருந்து செய்தி மழை நிற்கவேயில்லை. அதற்கு முன்பெல்லாம் கைப்பேசிக்கு உயிர் வரவேண்டுமானால் கோயில் மணிக்கூண்டின் மேல் ஏறவேண்டும். ஏறுகிறவனுக்கு மூச்சு வாங்கும் என்பதால் அவசியமான சேதியை மட்டும்தான் அனுப்புவான்.

அந்த மழையில் முதலில் நனைந்தவள் எங்கள் மருத்துவச்சி பெலிசித்தா. அகன்ற தோள், கட்டைக் குரல். ஒருமுறை நடுக்கடலில் சுறா ஒன்று அவள் படகை வழிமறித்ததாம். "கர்ப்பமா இருக்கியா? இல்லேன்னா வழிய விடு" என்றாளாம். சுறா விட்டது. நான் அந்தப் படகில் இல்லை. ஆனால் சுறாவும் இதுவரை மறுக்கவில்லை.

அப்பேர்ப்பட்டவளைக் கைப்பேசி அடித்து வீழ்த்தியது. தடுப்பூசிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, சத்துணவுக்கு ஒன்று, மலேரியாவுக்கு ஒன்று, மாவட்டத்துக்கு, மாகாணத்துக்கு, பாடகர் குழுவுக்கு, குலத்தாருக்கு. நிலையத் தலைவர் இருக்கிற குழு ஒன்று. அவர் இல்லாமல் அவரைப் பற்றிப் பேசுகிற குழு இன்னொன்று. தலைவர் பாக் கமிலுஸ் தும்மினாலும் எல்லோரும் "சியாப், பாக்" என்று எழுதவேண்டும். தயாராக இருக்கிறோம் ஐயா என்று அர்த்தம். எழுதாதவர் பெயரைத் திங்கட்கிழமை அணிவகுப்பில் வாசிப்பார். போதாததற்கு எந்த வேலை செய்தாலும் இடமும் நேரமும் பொறித்த புகைப்படம் அனுப்பவேண்டும். கைப்பேசி ஓயாமல் அதிர்ந்ததில் ஒருநாள் அது தானாகவே மேசையிலிருந்து நடந்துபோய் மஞ்சள் மீன் குழம்பில் விழுந்தது. எடுத்துத் துடைத்தபோதும் "சியாப், பாக்" வந்துகொண்டிருந்தது.

சிரிப்பு அத்தோடு முடிந்தது. ஒரு நாள் காலை, வடகரைப் பெண் ஒருத்தி, "ரத்தம் படுது இபு, வரட்டுமா?" என்று எழுதியிருந்தாள். இபு என்றால் அம்மா, மரியாதைக்கு. அன்றுதான் தலைவர் புதுச் சீருடையின் நிறத்தை அறிவித்திருந்தார். ஆளுக்கொரு குழுவில் ஆளுக்கொரு சியாப். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து அவள் செய்தியைப் பெலிசித்தா சாயங்காலம்தான் தோண்டி எடுத்தாள். பிள்ளை தங்கவில்லை. அந்தப் பெண் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் எம்பால் என்கிற மரவள்ளி ரொட்டியும் தேநீரும் கொடுத்து உபசரித்து அனுப்பினாள்.

அதன் பிறகு பெலிசித்தாவுக்கு ஒரே பயம்தான்: இன்னொரு பிள்ளையும் இப்படிப் போய்விடக் கூடாது.

நிலையத்தின் கணினி வேலையெல்லாம் பார்ப்பவன் யோப்பி. தொப்பையும் நல்ல மனசும் உள்ளவன். அவன்தான் வழி சொன்னான்.

"இபு, ஏ.ஐ. கருவி ஒண்ணு போட்டுத் தரேன். எல்லாக் குழுவையும் அது படிச்சு, உங்களுக்கு வேண்டியத மட்டும் நாலு வரியில சொல்லிடும். அறிக்கையும் எழுதித் தரும்."

"எனக்கு வேண்டியது எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க சொல்லிக் குடுக்கணும்."

"படிச்சத வேற யார்கிட்ட போய் சொல்லும்?"

"யார்கிட்டயும் சொல்லாது."

"நீ சீட்டு ஆடலேன்னு உன் பொண்டாட்டிகிட்ட சொன்னதும் இதே மூஞ்சியோடதான்."

யோப்பி மூஞ்சியை மாற்றிக்கொண்டு மறுபடி சொன்னான். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். குழுக்களை அது படிக்கலாம்; பெண்கள் தனியாக அவளுக்கு எழுதுவதைத் தொடக்கூடாது. அதை அவளே படிப்பாள்.

கருவி வேலை செய்யத் தொடங்கியது. மூன்று மணி நேரம் தின்ற குழுக்கள் நாலு வரியாகச் சுருங்கின. தலைவருக்குச் சியாப் போடுவதையும் அதுவே பார்த்துக்கொண்டது. ஆனால் அவளுக்கு நேரம் மிச்சமானதே பாக் கமிலுஸின் கண்ணை உறுத்தியது. நடுக்கடலில் இருப்பவளிடமிருந்து சியாப் உடனுக்குடன் வருகிறதே, எப்படி? அவர் ஒரு பொறி வைத்தார். "திங்கட்கிழமை எல்லோரும் ஆளுக்கொரு சிவப்புச் சேவல் கொண்டு வரவும்" என்று எழுதினார். அடுத்த நொடியே பெலிசித்தாவின் பெயரில் "சியாப், பாக்".

திங்கட்கிழமை வெறுங்கையோடு நின்றாள்.

"சேவல் எங்க, இபு?"

"எந்தச் சேவல், பாக்?"

"தயார்னு சொன்னீங்களே. நீங்க சொன்னீங்களா, உங்க பேய் சொல்லுச்சா?"

அணிவகுப்பே சிரித்தது. தானாகப் பதில் சொல்கிற வசதியை அன்றே பிடுங்கச் சொன்னாள். கருவியை மட்டும் விடவில்லை. அதன் மேலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. அது ஒன்றுக்கும் ஆகாதென்று ஒதுக்கியதையெல்லாம் தினமும் மத்தியானம் திறந்துவைத்துக் கிளறுவாள், மீன் கழுவுகிறவள் பூனைக்குப் போடுமுன் குடலை ஒருமுறை புரட்டிப் பார்ப்பதுபோல.

"அதயும் நீங்களே பார்த்தா கருவி எதுக்கு இபு?" என்பான் யோப்பி.

"மூணு மணி நேரம் மிச்சம் பண்ணிக் குடுக்குதில்ல? அதுல கால் மணி நேரம் அத சந்தேகப்படறதுக்கு."

அந்தக் குப்பையில் என்ன இருக்கும்? சியாப்கள், கைகூப்பிய பொம்மைகள், காலை வணக்கங்கள். அதிலும் யகோமினாவின் காலை வணக்கம் தனி ரகம். நீரிணைக்கு அப்பால் தனித்துக் கிடக்கும் குடாவில் இரண்டே வீடு, அதில் ஒன்று அவளுடையது. ஊர் அவளைத் தந்தா யகோமினா, அதாவது அத்தை யகோமினா என்று கூப்பிடும். நாக்குக்குப் பயந்து தள்ளியே நிற்கும். ஒவ்வொரு விடியலிலும் ரோஜாப் படம் ஒன்றும் வேத வசனம் ஒன்றும் தாய்மார் குழுவில் போடுவாள். மருமகள் மெலியானா தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். மகன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போயிருந்தான். மெலியானாவின் ரத்த அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டு வந்தது. நாள் நெருங்குமுன் நிலையத்துக்கு வந்து தங்கச் சொல்லியிருந்தாள் பெலிசித்தா. "பார்க்கலாம்" என்றிருந்தாள் யகோமினா. அவள் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

ஒரு நாள் மத்தியானம் கருவி வழக்கம்போல நாலு வரி சொன்னது. கடைசி வரி: அவசரம் எதுவும் இல்லை. பெலிசித்தா குப்பையைக் கிளறினாள். நின்றாள். மறுபடி மேலிருந்து கிளறினாள்.

"யோப்பி, யகோமினா தந்தாவோட ரோஜா எங்க?"

"தோட்டத்துல பூக்கலயோ என்னவோ."

"விளையாடாத. இதுக்கு முன்னாடி எந்த நாளாவது அனுப்பாம இருந்தாங்களான்னு அதுகிட்ட கேளு."

கேட்டான். கருவி தேடிப் பார்த்துச் சொன்னது: குழு தொடங்கியதிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை. புருஷனைப் புதைத்த நாளன்றுகூட ஒரு மஞ்சள் ரோஜா போட்டிருந்தாள்.

"சரி, அப்போ ஃபோன் கெட்டுப் போயிருக்கும்," என்றான் யோப்பி.

"இல்ல. வலி வந்திருக்கு."

வெளியூர்க்காரிக்கு இது விளங்காது. கேயில் பிறந்தவளுக்கு விளங்கும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் பிரசவ வலி கண்டதை வெளியே விடமாட்டார்கள். விட்டால் சுவாங்கி மோப்பம் பிடித்து வந்து பிள்ளையைத் தின்றுவிடும் என்று நம்பிக்கை. சுவாங்கி கொள்ளிவாய்ப் பேய் அல்ல. பக்கத்து வீட்டு மனுஷியாகக்கூட இருக்கலாம். ஆகவே வாயைக் கட்டிவிடுவார்கள். மற்ற எல்லாக் கட்டையும் அவிழ்த்துவிடுவார்கள். கதவு, ஜன்னல், பெட்டி, சட்டி மூடி, பின்னிய தலைமுடி என்று எது மூடியிருந்தாலும், எது முடிந்திருந்தாலும் திறந்தால்தான் கருப்பை திறக்குமாம்.

பெலிசித்தா பையைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினாள். யோப்பி இயந்திரத்தை முடுக்கியபோது பாக் கமிலுஸ் கைப்பேசியில் கூப்பிட்டார்.

"இபு, எங்க போறீங்க? மாகாணக் கூட்டம் திரையில ஆரம்பிச்சாச்சு. கட்டாயம் முகத்தக் காட்டணும்."

"என்ன கூட்டம், பாக்?"

"ஊழியர்களோட கைப்பேசிச் சுமையக் குறைக்கறது பத்தி. நாலு மணி நேரம்."

"பிரசவம் பார்க்கப் போறேன்."

"யார் கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல."

மறுமுனையில் சந்தேகம் மூச்சு விடுவது கேட்டது. "இடமும் நேரமும் பொறிச்ச படம் அனுப்புங்க. அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

அலை அன்று வீட்டுச் சுவர் உயரம். என் வீட்டுச் சுவர் குட்டைதான், இருந்தாலும் சுவர் சுவர்தானே. குடாவுக்குள் நுழையும்போது எதிரே ஒரு படகு ஆளில்லாமல் ஆடி ஆடி வந்தது. யோப்பி கொக்கியால் இழுத்துப் பிடித்தான்.

"இது யகோமினா தந்தா படகு இபு! கயிறு அறுந்திருக்கு."

பெலிசித்தா கயிற்றின் நுனியைப் பார்த்தாள். "அறுந்துபோகல. அவிழ்த்திருக்காங்க."

வீட்டின் முடிச்சையெல்லாம் அவிழ்த்த வேகத்தில் படகின் முடிச்சையும் அவிழ்த்துவிட்டார்கள். இனி அவர்களே மனம் மாறி உதவிக்குக் கிளம்பலாம் என்றாலும் படகு கிடையாது. அதைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு கரைசேர்ந்தார்கள்.

வீடு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. திறக்க முடிந்ததெல்லாம் திறந்திருந்தது. கூடு திறந்ததால் கோழிகள் கடற்கரையில் உலாத்தின. திறந்த வாசலை அடைத்துக்கொண்டு நின்றது யகோமினா மட்டும்தான். தலைவிரிகோலம். கையில் அரிவாள்.

"யார் சொன்னா?"

"தந்தா, வழிய விடுங்க."

"யார் சொன்னான்னு கேட்டேன். கீழ வீட்டுக்காரியா? காலையில அவ இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தா."

"யாரும் சொல்லல."

அரிவாள் சற்று உயர்ந்தது. "யாரும் சொல்லாம உனக்கு எப்படித் தெரிஞ்சது? சொல்லாதது யாருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதா?"

உள்ளேயிருந்து மெலியானாவின் குரல் தேய்ந்து வந்தது. "அம்மா, கண்ணு முன்னால பூச்சி பறக்குது... தலை வெடிக்குது..."

அது வலிப்புக்கு முன்னோடி என்பது பெலிசித்தாவுக்குத் தெரியும். நேரமில்லை. யாரும் சொல்லவில்லை என்றால் அவளே சுவாங்கி. கீழ வீட்டுக்காரி என்றால் தலைமுறைச் சண்டை. கருவி சொன்னது என்றால் கைப்பேசியோடு அவளையும் கடலில் எறிவாள்.

"நீங்கதான் சொன்னீங்க," என்றாள்.

"நானா?"

"தினமும் ரோஜா அனுப்பறீங்க. இன்னிக்கு அனுப்பல. எனக்குக் கவலை வராதா?"

யகோமினா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அரிவாள் தாழ்ந்தது. "அதயெல்லாம் நீ பார்க்கறியா? ஒரு சிறுக்கியும் பார்க்கறதில்லேன்னு நெனச்சேன்."

"நேத்து வெள்ளை. முந்தாநாள் ரெண்டு சிவப்பு."

யோப்பிக்குத் திடீரென்று இருமல் வந்தது. பெலிசித்தா அதற்குள் அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.

ரத்த அழுத்தம் அளவுமானியின் உச்சிக்குக் கிட்டத்தில் நின்றது. வலிப்பைத் தடுக்கும் ஊசியைப் போட்டாள். அளப்பதற்குக் கையில் பட்டை கட்டப் போன ஒவ்வொரு முறையும், "முடிச்சுப் போடாத!" என்று கத்தினாள் யகோமினா. "முடிச்சில்ல தந்தா, ஒட்டறது" என்று பிரித்துக் காட்டி, பிரித்துக் காட்டியே அளந்தாள். பிள்ளை வந்துகொண்டிருந்தது, நகர்த்த முடியாது. அங்கேயே பிறந்தது, நீலம் பாரித்து, சத்தமில்லாமல். பெலிசித்தா அதன் முதுகைத் தேய்த்தாள், மூக்கை உறிஞ்சினாள், காற்றை ஊட்டினாள், கெட்ட வார்த்தையும் ஒன்று சொன்னாள். அந்த வார்த்தைக்குத்தான் பெண் குழந்தை கோபித்துக்கொண்டு வீறிட்டது.

ஆபத்து முழுக்க விலகவில்லை. பிள்ளை பிறந்த பிறகும் தாய்க்கு வலிப்பு வரலாம். நிலையத்து மருத்துவர் பக்கத்தில் இருக்கவேண்டும். பாயோடு தூக்கிப் படகில் கிடத்தினார்கள். யகோமினா ஏறுவதற்கு முன் பெலிசித்தாவின் இடுப்பைச் சுட்டினாள்.

"அந்தச் சனியன் இருக்கா?"

கைப்பேசி அங்கே அதிர்ந்துகொண்டிருந்தது. இடமும் நேரமும் பொறித்த படம் எங்கே என்று பாக் கமிலுஸ் மூன்றாம் முறை கேட்டிருந்தார்.

"ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை. படம் எடுத்தா அரிவாள் இன்னும் கையிலதான் இருக்கு."

"எடுக்கல தந்தா."

அன்றைய பிரசவத்துக்கு ஆதாரமில்லை என்று கணக்கில் விழுந்தது. கூட்டத்துக்கு வராதவள் என்று இன்னொரு பழி. திங்கட்கிழமை பெயர் வாசிக்கப்படும் என்று தெரிந்தே கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.

நிலையத்தில் மருத்துவர் வந்து பார்த்து, மருந்தை ஏற்றிவிட்டுப் போனார். பெலிசித்தா மெலியானாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கருவிக்குப் புதிதாக ஒரு வேலை எழுதினாள்: நிறைமாதக்காரி இருக்கிற வீட்டிலிருந்து வழக்கமாக வருவது எது வரவில்லை என்று இனி அதையும் சொல்லவேண்டும். யகோமினா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"யார்கிட்ட பேசறே?"

"குழுவெல்லாம் படிச்சுச் சொல்ற கருவி."

"என் ரோஜாவப் படிச்சதும் இதுதானா?"

யகோமினா கண்ணைச் சுருக்கினாள்.

"எங்க வீட்டு விஷயத்த இது வெளிய சொல்லுமா?"

"சொல்லாதுன்னு யோப்பி சொல்றான்."

"யோப்பி! சீட்டாடுறவன்!"

"அதுக்காகத்தான் தந்தா, இது ஒதுக்கறத நான் தினமும் கிளறிப் பார்க்கறேன்."

யகோமினா அதை யோசித்தாள். திருப்தி வரவில்லை. மெலியானாவுக்கு யாரோ குழம்பு கொண்டுவந்த சட்டி பக்கத்தில் காலியாக இருந்தது. கைப்பேசியைப் பிடுங்கித் தரையில் வைத்து, அதன்மேல் சட்டியைக் கவிழ்த்து, சட்டியின்மேல் தானே உட்கார்ந்தாள். அடியில் அது முனகிக்கொண்டே இருந்தது. பெலிசித்தா மெலியானாவின் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, முள்ளைப் பார்த்தாள். இறங்கியிருந்தது. நம்பாமல் இன்னொரு கையிலும் சுற்றினாள். அங்கேயும் இறங்கியிருந்தது.