ஏழாம் தொகுதியின் நடுப்பக்கம்

கஜந்தினிக்குக் காமிக்ஸ் புத்தகத்தைக் கண்ணில் காட்டக்கூடாது. ஆக்லாந்துப் புறநகரான பக்குரங்காவில் அவள் வாடகைக்கு இருக்கும் இரண்டு அறை வீட்டில், ஒரு சுவர் முழுக்க மகள் சிந்துவின் ஜப்பான் காமிக்ஸ்தான். வலமிருந்து இடமாகப் புரட்டவேண்டிய சனியன்கள். பாட்டனி டவுன்ஸில் போர்வையும் தலையணையும் விற்கும் கடையில் எட்டு மணித்தியாலம் கால்கடுக்க நின்றுவிட்டு வந்து, கண் பெருத்த பிள்ளைகளின் அட்டைப்படங்களைத் தூசி தட்டி அடுக்க யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? ஆனால், பதின்மூன்று வயதுக்குப் பிறகு சிந்து தாயோடு கதைத்ததே அந்தப் புத்தகங்களைப் பற்றித்தான். அதனால் கஜந்தினி திட்டிக்கொண்டே காது கொடுப்பாள்.

அவற்றில் ஒன்றை நிஜ ஆட்களை வைத்துப் படமாக எடுக்க ஒரு வெளிநாட்டுக் கம்பனி ஆக்லாந்துக்கு வந்தது. வானத்திலிருந்து இயந்திரங்கள் வந்து ஒரு நகரத்தை அழிக்கிற கதை, பதினெட்டுத் தொகுதி. கூட்டத்தில் நிற்க ஆட்கள் தேவை, எல்லா நிறத்திலும் குடும்பங்களாக வந்தால் நல்லது என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். சிந்துவுக்கு அப்போது பதினைந்து. துணைக்கு ஒரு பெரியவர் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

"அம்மா, நீங்களும் வரவேணும். பிளீஸ்," என்று தமிழில் கேட்டாள். காரியம் ஆகவேண்டும் என்றால் பிள்ளைக்குத் தமிழ் நன்றாகவே வரும்.

கஜந்தினி மறுபேச்சில்லாமல் கடையில் லீவு சொன்னாள். மகள் தன்னை ஓரிடத்துக்குக் கூப்பிட்டு எத்தனை வருடம் ஆகிவிட்டது!

நகரத்தின் மேற்கே ஒரு பெரிய கிடங்கு வளவில், பலகையாலும் பெயின்ராலும் பாதி இடிந்த தெரு ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். இந்தப் படக்காரர்களுக்கு ஒரே பயம் ரசிகர்கள்தான். முன்பு யாரோ எடுத்த படத்தில் கதாநாயகியின் முடி நிறம் மாறிவிட்டதென்று இணையத்தில் கிழித்துத் தொங்கவிட்டார்களாம். அந்தப் பயத்தில், ஏழாம் தொகுதியின் நடுப்பக்கத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிப் பலகையில் ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். குண்டு விழுகிறது. ஒரு தாயும் மகளும் கையைக் கோத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து, நம்மை நோக்கி ஓடி வருகிறார்கள். இதைத் தோளில் பச்சை குத்திக்கொண்டவர்களும் இருக்கிறார்களாம். சிந்து இதைப் பார்த்துப் பார்த்து வரைந்த தாள்கள் வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடந்தன.

அந்தத் தாயாகவும் மகளாகவும் நடிக்க இவர்கள் இரண்டு பேரையுமே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். உயரம் பொருந்தியது, முகச்சாயலும் ஒன்று. சிந்து துள்ளிக்கொண்டு வந்து தாயைக் கட்டிப்பிடித்தாள். அவள் நெஞ்சு படபடவென்று அடித்ததைக் கஜந்தினி தன் நெஞ்சில் உணர்ந்தாள். இந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தபடி அந்தப் படத்துக்குள் ஓடிவிட்டால் போதும், பிறகு வாழ்நாள் முழுக்கத் தன்னோடு கதைக்க இவளுக்கு ஒரு விஷயம் இருக்கும் என்று நினைத்தாள். அன்று காலை அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

உதவி இயக்குநர் பெண் நல்லவள். சத்தம் எப்படி இருக்கும், புகை எங்கிருந்து வரும், எந்தக் கோட்டைத் தாண்டி ஓடவேண்டும் என்று இரண்டு முறை சொல்லிக்கொடுத்தாள். கஜந்தினி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ஒலிபெருக்கியில் குண்டு ஒன்று கூவிக்கொண்டு வந்தது. அடுத்த கணம் கஜந்தினி மகளை இழுத்து நிலத்தில் போட்டு, அவளுக்கு மேல் குப்புறக் கிடந்தாள். முழங்கை இரண்டையும் ஊன்றி, வாயைத் திறந்து வைத்திருந்தாள். வாயை மூடியிருந்தால் வெடிக்கிற அதிர்ச்சியில் காது போய்விடும். இது வன்னியில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். இங்கே நூற்றைம்பது பேர் தலை நிமிர்ந்து ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"கட்," என்றார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், கடற்கரை மணலில் கஜந்தினி இப்படித்தான் கிடந்தாள். அடியில் சிந்து இருந்தாள், பத்து மாதக் குழந்தை. பக்கத்தில் கிடந்த கணவன் யசீகரன் திடீரென்று எழும்பி ஓடினான். விழுந்து படுங்கோ என்று அவள் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை. பத்து அடி போயிருப்பான். ஏன் எழும்பினான் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. மகளுக்கு அவள் சொன்னதெல்லாம் "அப்பா சண்டையில செத்துப்போனார்" என்ற ஒற்றை வசனம்தான். வளர்ந்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தாள். சிந்து வளர வளர, அவளிடம் எதையும் சொல்லக் கிடைத்த நேரம்தான் குறைந்துகொண்டே போனது.

"அம்மா, என்ன செய்யிறீங்கள்? எல்லாரும் பார்க்கினம்," என்றாள் சிந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி.

"இந்த முறை ஓடுவன், பிள்ளை. பயப்படாதை."

இரண்டாம் முறையும் விழுந்தாள். மூன்றாம் முறை, பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு அடி ஓடினாள். ஏழாவதில் உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. விழுந்ததில் சிந்துவின் உதடு கிழிந்து இரத்தம் வந்தது.

உதவி இயக்குநர் பெண் பக்கத்தில் குந்தியிருந்து, நீங்கள் செய்வது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் புத்தகத்தில் அப்படி இல்லையே என்று பலகையைக் காட்டி மெதுவாகச் சொன்னாள். கோடுகளால் கிறுக்கிய தாய் சரி, இரத்தமும் சதையுமாக நின்ற தாய் பிழை. கஜந்தினி "சொரி" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு எரிந்தது.

எப்சமிலிருந்து வந்திருந்த ஜெயாவைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். மலேசியக்காரி, ஐந்தாறு படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தவள். "நீங்க போய் உக்காருங்க. பொண்ண நான் பத்திரமா பாத்துக்கிறேன்," என்றாள். சிந்துவின் கையைப் பிடித்தாள். ஒரே தடவையில் முடிந்துவிட்டது. நன்றாகத்தான் ஓடினாள், குறை சொல்ல முடியாது. கஜந்தினி தேநீர் மேசையடியில் நின்று பார்த்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிந்து காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வந்தாள்.

படம் வர ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் தாயும் மகளும் பார்க்கப் போனார்கள். சிந்து வந்த காட்சி மூன்று செக்கன். தியேட்டரில் யாரோ விசிலடித்தார்கள். வெளியே வந்தபோது, கோயிலில் பழக்கமான வித்தியா சிந்துவின் கன்னத்தைத் தட்டி, "அம்மாவா வந்தவவும் நீயும் அச்சு அசல் தாய் பிள்ளை மாதிரியே இருந்தீங்கள்," என்றாள். கஜந்தினியையும் பார்த்துச் சிரித்தாள். கஜந்தினியும் சிரித்து வைத்தாள். வேறென்ன செய்வது?

காரில் ஏறுவதற்குள் சிந்து புத்தகப் பக்கத்தையும் படக்காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி இணையத்தில் போட்டுவிட்டாள். இதயங்கள் வந்து குவிந்தன. கார் ஓடத் தொடங்கியதும், அந்தக் குஷியில், எல்லாம் இங்கிலீஷில், "அம்மா, நீங்களே நின்றிருக்கலாம். எல்லாரையும் போல ஓடுறதுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டாள்.

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதனால்தானோ என்னவோ, கஜந்தினி காரை ஓரத்தில் நிறுத்தினாள்.

"உன்ர அப்பா ஓடினவர்," என்றாள். "நான் உனக்கு மேல படுத்திருந்தன். அவர் எழும்பி ஓடினவர். அதாலதான் நீயும் நானும் இருக்கிறம், அவர் இல்லை."

பிறகு முழுவதையும் சொன்னாள். மணல், கூவின சத்தம், பத்து அடி, அவனை மூட ஒரு சீலைகூட இல்லாமல் விட்டுவிட்டு வந்தது. பதினாறு வருடம் அடக்கி வைத்தது, சொல்லி முடிக்கக் கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. சிந்து அழுதாள். தாயின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கொஞ்ச நேரம், தன் பிள்ளை தன்னிடம் வந்துவிட்டாள் என்றுதான் கஜந்தினி நம்பினாள்.

சிந்து கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, இதை ஏன் நீங்கள் அண்டைக்கே டிரெக்டரிட்டச் சொல்லேல்ல? சொல்லியிருந்தா நாங்கள் விழுந்து படுத்ததையே படத்தில போட்டிருப்பாங்கள்."

பிள்ளை உண்மையான கவலையோடுதான் கேட்டாள். கஜந்தினிக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.