கழுநீருக்கு ஓர் ஆழாக்குப் பால்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. முன்னால் சொல்லவேண்டியதைப் பின்னால் சொல்வேன், சிலது மறந்தும் போச்சு. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இது நடந்தது எண்பதுகளின் நடுவில், கொரட்டூரில். ஸ்டேஷனுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு லைன் வீட்டில் ஆறு குடித்தனம், அதில் எங்களுடையது ஒன்று. என் வீட்டுக்காரருக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்போம், ஒரு கம்பெனியில் லேத் வேலை. பெண்ணுக்கு அப்போது மூன்று வயசு. சாயங்காலமானால் காய்ச்சல் வரும், கழுத்தில் கட்டி, சோறு உள்ளே இறங்காது. ஆஸ்பத்திரியில் பிரைமரி காம்ப்ளக்ஸ், சின்னப் பிள்ளைகளுக்கு வரும் டி.பி., என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை மட்டும் போதாது, தினமும் பால் கொடுக்கணும், நிறுத்தினால் பிள்ளை தேறாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனியில் லாக்-அவுட். காலையில் வேலைக்குப் போனவர் கேட்டில் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். கொஞ்ச நாள் கடையில் கடன் சொல்லி ஓட்டினோம். பிறகு கல்யாணத்துக்கு வந்த அண்டா போனது, என் தோடு போனது. பால் விலை வேறு ஏறிக்கொண்டே இருந்தது. நாங்கள் காபியை நிறுத்தினோம், பெரியவர்களுக்கு என்ன, வரக்காபி குடித்தால் போகிறது. பிள்ளைக்கு வாங்கும் ஆழாக்குக்கும் வழியில்லாமல் போன அன்றைக்குத்தான், வாசலில் பால் ஊற்ற வந்தவளிடம் "நாளையிலிருந்து வேண்டாம்" என்று சொன்னேன்.

எங்கள் பால்காரம்மா அந்த ஊர்க்காரி. ஏரிக்கரை ஓரம் கொட்டகை, ரெண்டு பசு, ஒரு எருமை. வாய் கொஞ்சம் ஜாஸ்தி, அளவில் நுரையும் கொஞ்சம் ஜாஸ்தி. நாங்கள் எல்லாரும் அவள் பாலில் தண்ணீர் கலக்கிறாள் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவோம்.

"வேணாமா? அப்ப கொயந்தைக்கு இன்னா குடுப்ப?" என்றாள்.

எனக்கு எதிரில் நிற்பவர் முகம் பார்த்துப் பேசவே வராது. கடைக்குப் போனாலும் என் முறை போய்விடும், பின்னால் வந்தவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆனால் அவள் வீட்டுக்காரருக்குக் காலில் அடிபட்டு, வீடு வீடாய்ப் போய்க் கழுநீர் எடுக்க ஆளில்லாமல் இருந்தது எனக்குத் தெரியும். அரிசி களைந்த தண்ணி, வடித்த கஞ்சி, காய்த்தோல் எல்லாம் சேர்ந்ததுதான் கழுநீர், மாட்டுக்கு அது இல்லாவிட்டால் அத்தனை தீனியும் காசு கொடுத்து வாங்கணும். புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே, நான் கழுநீர் கொண்டுவந்தால் பால் கொடுப்பாயா என்று கேட்டேன்.

"இன்னாது? வாய்க்குள்ளயே பேசினா மாட்டுக்குத்தான் கேக்கும். சத்தமா சொல்லும்மே."

இன்னொரு தரம் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "தெனம் ரெண்டு பக்கெட்டு. ஓர் ஆழாக்கு ஊத்தறேன். ஒரு நாள் நின்னாலும் பால் நின்னுடும், அப்பால என்கிட்ட மூஞ்சத் தூக்கக்கூடாது" என்றாள்.

மறுநாளே இறங்கிவிட்டேன். எங்கள் லைன், அடுத்த தெரு, கோடியில் இருந்த மாடி வீடு. ஒவ்வொரு பின்வாசலிலும் நின்று "கழுநீர் இருக்காங்க" என்று ரெண்டு தரமாவது கேட்கவேண்டியிருக்கும். மாடி வீட்டு அம்மா, "என்னம்மா, மாடு வாங்கிட்டியா? சொல்லவே இல்லை!" என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் ரெண்டு நாள் வாளியைக் கண்டாலே எழுந்து வெளியே போய்விட்டார். மூன்றாம் நாள், "என் பொண்டாட்டி ஊர்க் கழுநீர் சுமக்கணுமா?" என்று கத்தினார். நான் பதில் பேசாதவள். அன்றைக்கு, "வெறும் தண்ணியில மாத்திரை குடுத்தா பிள்ளை கக்கிடுது, நீங்களே குடுத்துப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

நாள் போகப் போக ஒன்று தெரிந்தது. கழுநீரைப் பார்த்தே எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். சோறு நிறைய வடித்த வீட்டுத் தண்ணி கெட்டியாய் இருக்கும். ரேஷன் கோதுமையில் ஓட்டும் வீட்டில் பானை காலி. லாக்-அவுட் நீள நீள, எங்கள் பக்கமெல்லாம் கழுநீர் நீர்த்துக்கொண்டே வந்தது.

எதிர் வீட்டு அக்காவின் கழுநீர் மட்டும் மாறவே இல்லை. அவர் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் சூப்பர்வைசர். டிவி வாங்கிய வீடு. அவர்களுக்கென்ன, சேர்த்து வைத்திருப்பார்கள் என்று எல்லாரும் சொல்வோம். அக்காவும், "எங்களுக்கு ஒண்ணும் தெரியலைம்மா, ஓடுது" என்பார். மற்ற வீட்டில் நான் உள்ளே போய் எடுப்பேன். அக்கா மட்டும் தானே சட்டியைத் தட்டால் மூடி வாசலுக்குக் கொண்டுவந்து தருவார். தண்ணி பளிச்சென்று வெள்ளையாய் இருக்கும்.

ஒரு நாள் ரெண்டாவது வாளியில் அக்கா வீட்டுத் தண்ணி மட்டும்தான் இருந்தது. மற்ற வீடுகளில் அவ்வளவு குறைச்சல். கொட்டகையில் கொண்டுபோய் வைத்தேன். பசு மூக்கை விட்டது, உடனே இழுத்துக்கொண்டு தும்மியது. பால்காரம்மா கையை அடிவரைக்கும் விட்டுத் துழாவினாள். வெளியே எடுத்த விரலெல்லாம் வெள்ளையாய் நறநறவென்று இருந்தது.

"இன்னாமே இது, கோலமாவு, கல்லுப்பொடி! என் மாட்ட சாகடிக்கப் பாக்கறியா? பால்ல தண்ணி ஊத்தறேன்னு ஊரே என்னைச் சொல்லுது. நீ கயனித்தண்ணியிலயே கலப்படம் பண்றியே, பலே கில்லாடி!"

அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துபோனது. கொஞ்ச நாளாய் அந்த வீட்டுப் பிள்ளைகள் டிபன் கேரியர் இல்லாமல் பள்ளிக்கூடம் போனது, சத்துணவுத் தட்டைப் பைக்குள் ஒளித்து எடுத்துப் போனது, மத்தியான நேரத்தில் அந்த வீட்டு ஸ்டவ் சத்தம் கேட்காதது. களைவதற்கு அரிசியே இல்லாமல், அடுப்பு எரிகிறது என்று நான் நினைக்கவேண்டும் என்பதற்காகக் கோலமாவைத் தண்ணியில் கரைத்துக் கொடுத்திருக்கிறார்.

யார் வீட்டுத் தண்ணி என்று பால்காரம்மா கேட்டாள். சொல்லியிருந்தால் என் பால் எனக்குக் கிடைத்திருக்கும். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கவும் தெரிந்திருக்கும். நான்தான் பார்க்காமல் வாசல் கழுவிய தண்ணியை ஊற்றிவிட்டேன் என்றேன்.

"அப்ப இன்னிக்கு உனக்குப் பால் இல்ல. நாளைக்கும் இப்படி வந்தா இந்தப் பக்கமே வராத."

அன்றைக்குப் பிள்ளைக்கு மாத்திரையைக் கஞ்சித் தண்ணியில் கொடுத்தேன். அப்படியே கக்கிவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டே முடிவு பண்ணினேன். இந்தத் தெருவை நம்பினால் இனி ஆகாது. சோறு நிறைய வடிக்கிற இடத்துக்குப் போகவேண்டும்.

எஸ்டேட் போகும் வழியில் ஒரு மெஸ் இருந்தது. தனியாய் இருக்கும் தொழிலாளிகள் சாப்பிடுகிற இடம். அதுவரைக்கும் நான் ஓட்டல் படி ஏறியதில்லை. உள்ளே அத்தனை ஆம்பிளைகள். கல்லாவில் இருந்தவர் "சாப்பாடா, பார்சலா?" என்று கேட்க, எல்லாத் தலையும் திரும்பியது. "கழுநீர்" என்றேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருத்தர், "அண்ணே, உங்க ரசத்தைத்தான் கேக்கறாங்க போல" என்றார். ஒரே சிரிப்பு.

முதலாளியும் சிரித்துவிட்டு, பன்றி வளர்ப்பவன் ஒருத்தன் எடுத்துப் போகிறானே அம்மா, போய்ட்டு வா என்றார். வேறு சமயமாய் இருந்தால் ஓடியே வந்திருப்பேன். கால் நகரவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லாரும் போகும்வரை வாசல் ஓரமாய் நின்றேன். பிறகு, அவன் வருவதற்கு முன்னால் காலையிலேயே வருகிறேன், அரிசி களைகிற தொட்டியையும் தேய்த்துக் கழுவி விட்டுப் போகிறேன் என்றேன். அவ்வளவு பெரிய பேச்சை அதற்கு முன் வெளி ஆளிடம் நான் பேசியதில்லை. அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "தொட்டியில பாசி இருக்கக்கூடாது, ஆமா" என்றார்.

மறுநாள் காலை அங்கே கிடைத்த கழுநீர் ஒருத்தியால் தூக்கமுடியாத அளவு. நேராக எதிர் வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, ஒரு உதவி. மெஸ்ஸில நிறைய கழுநீர் கிடைக்குது. என் ஒருத்தியால சுமக்க முடியலை. கூட வந்தீங்கன்னா ஆளுக்கு ஓர் ஆழாக்குப் பால் வாங்கிக்கலாம்."

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் எப்படிம்மா வாளி தூக்கிட்டுத் தெருவில... அவரு சூப்பர்வைசர்" என்று இழுத்தார்.

"வாளி வேணாங்க்கா. இடுப்புல குடம் வெச்சுக்கலாம். தண்ணிக்குப் போறோம்னு நினைப்பாங்க."

அந்த நாளில் எங்கள் பக்கம் தண்ணீர்ப் பஞ்சம், குடம் இல்லாத இடுப்பைப் பார்க்கமுடியாது. ரெண்டு பொம்பளைகள் குடத்தோடு போனால் யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்? அக்கா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உள்ளே போய்க் குடத்தோடு வந்தார். படி இறங்கும்போது, "இனிமே எங்க வீட்டுக் கழுநீருக்குத் தனியா வராதே. இதோடயே சேர்த்துக்கலாம்" என்றார். சரி என்றேன்.

பால்காரம்மா எங்களைப் பார்த்ததும், "அடேங்கப்பா, சூப்பர்வைசரம்மா கொடத்தோட வந்துகினு கீறாங்க!" என்று ஆரம்பித்தாள். என்ன தோன்றியதோ, பாதியில் நிறுத்திக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். குடத்துத் தண்ணியில் கை விட்டுப் பார்க்கவில்லை, அப்படியே தொட்டியில் கவிழ்த்தாள். பிறகு ஆழாக்கில் பாலை ஊற்றி, மேலே நின்ற நுரையை வாயால் ஊதித் தள்ளிவிட்டு, அந்த இடத்துக்கு மறுபடியும் பால் ஊற்றினாள். எனக்கும் அப்படி, அக்காவுக்கும் அப்படி. அவள் நுரையை ஊதி நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

கம்பெனி திறக்கிற வரைக்கும் ஒரு நாள் விடாமல் போனோம். மழையிலும் போனோம், காய்ச்சலோடும் போனேன். பெண்ணின் கழுத்துக் கட்டி கரைந்தது, சோறு கேட்டு அழ ஆரம்பித்தாள். அவள் அழுததற்காக நான் சந்தோஷப்பட்டது அப்போதுதான். அக்கா குடும்பம் பிறகு மாங்காடு பக்கம் வீடு கட்டிப் போய்விட்டது. கோலமாவைப் பற்றி அவர் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ரெண்டாயிரத்துக்கு மூணு நாலு வருஷம் கழித்து என் பெண்ணின் கல்யாணத்துக்கு வந்தார். பரிசுக் காகிதத்தைப் பிரித்தால் உள்ளே ஒரு எவர்சில்வர் குடம். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சுற்றி இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

லாக்-அவுட் எந்த வருஷம், எத்தனை மாசம், அப்போது பால் என்ன விலை என்பதெல்லாம் எனக்குச் சரியாய் நினைவில்லை. அந்தக் காலத்தில் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். இப்போது எங்கள் வீட்டுக்குப் பால் பாக்கெட்டில்தான் வருகிறது, ஆனால் அரிசி களைந்த முதல் தண்ணியைக் கீழே ஊற்ற மட்டும் இன்றைக்கும் என் கை ஒரு நிமிஷம் தயங்கும், அந்த ஒரு நிமிஷமும் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லையோ என்றுதான் மனசு போகும்.