பிரிட்ஜ் நீலாயதாட்சியின் எட்டு ஏக்கர்

'மனுதாரர் நீலாயதாட்சி அம்மாள், வயது சுமார் 48, எழுத்தறிவில்லாத விதவை. உலக நடப்பு அறியாதவர். கணக்கு வழக்கு தெரியாதவர். ஆண் துணையின்றி வீட்டு வாசல் தாண்டும் வழக்கமில்லாதவர். ஆகவே தாக்கீதுக்கு உரிய காலத்தில் பதிலளிக்கத் தவறியதைக் கனம் அதிகாரி அவர்கள் மன்னித்தருள வேண்டும்.'

1972 அக்டோபரில், நில உச்சவரம்பு விசாரணைக்காகத் தஞ்சாவூரில் தாக்கலான மனு இது. அதன் அடியில், எழுத்தறிவில்லாத மனுதாரர் ஆங்கிலத்தில், கூட்டெழுத்தில், தன் முழுப்பெயரையும் கையொப்பமாக இட்டிருந்தார்.

வக்கீல் குமாஸ்தாவைக் குறை சொல்வதற்கில்லை. பெண்பிள்ளை பெயரில் மனு என்றால் இந்த நாலு வரியும் தட்டச்சில் தானாக வந்துவிழும். மனு தாக்கலான அன்று, வாசல் தாண்டாத அம்மாள் கோயம்புத்தூரில் ஒரு மண்டபத்தில் பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டியில் உட்கார்ந்து, இரண்டு மில் முதலாளிகளின் ஆர்ட்டின் ராஜாவைப் பிடிப்பதில் மும்முரமாக இருந்தார். துணைக்கு வந்திருந்தது கமருன்னிஸா. டாக்டர் வீட்டுப் பெண்மணி, அம்மாளின் ஆட்டத் தோழி. கூப்பிடு தூரத்தில் ஆண் துணை என்று பார்த்தால் அந்த மில் முதலாளிகள்தான். அவர்களே அப்போது துணை தேடும் நிலையில் இருந்தார்கள்.

நீலாயதாட்சி நாகப்பட்டினத்துப் பெண். மாப்பிள்ளை பெயர் காயாரோகணம். நாகப்பட்டினம் கோயிலில் சுவாமிக்கும் அம்மனுக்கும் இதே பெயர்கள் என்பதால், ஜாதகம் பார்க்காமலே முடிந்த கல்யாணம். மாப்பிள்ளை தஞ்சாவூரில் பொதுப்பணித்துறை இன்ஜினியர். வாய்க்கால் மதகுகளைக் கவனித்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் வீட்டில் நண்பர்களோடு பிரிட்ஜ் ஆடுவார், மோசமாக ஆடுவார். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் நால்வரும் யார் எந்தச் சீட்டை எப்போது போட்டார்கள் என்று போடும் சண்டை அடுக்களை வரை கேட்கும். பஜ்ஜி போட்டுக்கொண்டே அதைக் கேட்டுக் கேட்டு, கண்ணால் பார்க்காத ஆட்டம் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒருநாள் வாதம் முற்றியபோது கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றார்.

"டைமன் ராணி இவருகிட்டதாங்க இருந்திருக்கணும். ரெண்டாவது சுத்துலேயே அவசரமா எட்டு போட்டாரே, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

நால்வரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வாரம் ஒருவருக்கு மாற்றலானது. காலியான நாற்காலி அம்மாளுக்கு வந்தது. பஜ்ஜி நின்றுபோனதுதான் மற்றவர்களுக்கு வருத்தம்.

1961-இல் காயாரோகணம் இறந்தார். பிள்ளை இல்லை. உறவினர்கள் நீலாயதாட்சியைக் கோயில் குளம் என்று இருக்கச் சொன்னார்கள். அவர் கிளப்புக்குப் போனார். பெண்கள் சீட்டாடுவதா என்று கிளப்பில் ஒரு கூட்டம் போட்டு இரண்டு மணி நேரம் பேசினார்கள். ஆட்சேபித்தவர்கள் மூவரும் வரிசையாக அவரிடம் தோற்ற பிறகு, அந்தத் தீர்மானம் ஓட்டுக்கு வராமலே காலாவதியானது. 1964-இல் அவரும் கமருன்னிஸாவும் மாநிலப் பெண்கள் கோப்பையை வென்றார்கள். தெருவில் 'சீட்டாட்டக்காரி' என்று பேசியவர்கள், பத்திரிகையில் படம் வந்ததும் 'நம்ம தெரு அம்மா' என்றார்கள்.

பிரிட்ஜில் எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு கட்சி. சீட்டு இறங்குமுன் ஏலம் நடக்கும். தன் கையில் என்ன இருக்கிறது என்பதை அந்த ஏலத்தில்தான் கூட்டாளிக்குச் சொல்ல முடியும். புருவத்தை உயர்த்தினாலும் தப்பு. ஆனால் ஒரு விதி உண்டு. 'உங்க கூட்டாளி இப்படிக் கேட்டிருக்காரே, இதுக்கு என்ன அர்த்தம்?' என்று எதிரி கேட்டால், நஷ்டமே வந்தாலும் உள்ளதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். தன் கையைக் காட்ட வேண்டாம், கூட்டாளியின் பேச்சுக்குப் பொருள் சொன்னால் போதும். இந்த விஷயத்தில் அம்மாள் கறார். ஒருமுறை இப்படிப் பொருள் சொல்லியே ஒரு கோப்பையைக் கோட்டை விட்டார். கமருன்னிஸா ஒரு வாரம் பேசவில்லை.

ஐம்பத்திரண்டு சீட்டும் யார் யார் கையில் என்று விரல்விட்டுச் சொல்லும் இந்த மனுஷி, வாழ்நாளில் ஒரு பத்திரத்தையும் படித்ததில்லை. அதெல்லாம் மூத்தார் பாடு. மூத்தார் என்பது கணவரின் அண்ணன் பஞ்சநதம். வலங்கைமான் பக்கம் மிராசு. மாதம் ஒருமுறை வருவார், அரிசி மூட்டை இறக்குவார், காகிதம் நீட்டுவார். அம்மாள் கையெழுத்துப் போடுவார்.

பஞ்சநதத்தின் தோளில் அதுவரை இருந்த கதர்த் துண்டு 67-க்குப் பிறகு கரை மாறியது. ஆட்சி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கரை. அந்த ஆட்சியே உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைத்தபோது மனிதர் ஆடிப்போனார். காலையில் சட்டத்தை வாழ்த்தி மேடையில் பேசினார். மத்தியானம் அதிலிருந்து தப்புவது எப்படி என்று வக்கீலோடு பேசினார். ஊரிலோ வயலுக்கு வயல் சிவப்புக் கொடி, கூலியில் அரை மரக்கால் கூடக் கேட்டு வேலைநிறுத்தம், பள்ளிக்கூடத்தில் போலீஸ் முகாம். இந்த அமளியில் எட்டு ஏக்கர், சட்டத்துக்கு ஒரு மாதம் முந்தி, 1970 ஜனவரி என்று தேதியிட்ட கிரயப் பத்திரத்தின் வழியாக, சத்தமில்லாமல் நீலாயதாட்சி பெயருக்கு வந்து சேர்ந்தது.

சேர்ந்த செய்தியை அவருக்கு முதலில் சொன்னவர் அந்த நிலத்தை உழுதுவந்த பொன்னுத்தாய்.

நவம்பரில் ஒருநாள் காலை, அம்மாளும் கமருன்னிஸாவும் பழைய ஆட்டம் ஒன்றை மேசையில் பரப்பிவைத்திருந்தபோது, பஸ் பிடித்து வந்து வாசலில் நின்றார். உட்காரச் சொன்னதும் தயங்காமல் நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"எட்டு ஏக்கரை நீங்களே நேர்ல நின்னு சாகுபடி பண்றதா எளுதிக் குடுத்திருக்கீங்களாமே?"

"நானா?"

"நீங்கதாம்மா. நானும் நேத்து வரைக்கும் வயல்ல ஒங்களத் தேடிப் பாத்தேன். காணும். சரி, டவுன்லேருந்தே நாத்து நடுறாங்க போல, அது எப்படின்னு பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

கமருன்னிஸா சிரிப்பை அடக்கச் சீட்டுக்கட்டால் வாயை மூடிக்கொண்டார்.

"இப்ப வயல்ல என்ன நிக்கிதுன்னு சொல்லுங்க பாப்போம்," என்றார் பொன்னுத்தாய்.

"நெல்லு."

"நெல்லு இல்லாம பின்ன வாளைமீனா நிக்கும்? குறுவையா, சம்பாவா, தாளடியா?"

நீலாயதாட்சி யோசித்தார். மேசையில் அவர் இவ்வளவு நேரம் யோசித்து யாரும் பார்த்ததில்லை.

"சம்பா."

"தாளடிம்மா. குறுவை அறுத்துட்டு அதே தாள்ல உழுது நட்டது." பொன்னுத்தாயின் குரலில் கேலி போய்விட்டது. "இருவத்திரெண்டு வருசமா நானும் எங்க வூட்டுக்காரரு வீரையனும் உழுவுறோம். அது உங்க சொந்த சாகுபடின்னு முடிஞ்சிட்டா நாங்க வயல வுட்டு ஏறிடணும். அத ஒரு வார்த்த உங்க மூஞ்சியப் பாத்துக் கேட்டுட்டுப் போவலாம்னுதான்."

அம்மாள் எழுந்து உள்ளே போனார். காபி கொடுத்தார். பொன்னுத்தாய் குடித்துவிட்டு, மேசையைப் பார்த்து, "அந்தக் கிளாவர் ஆசு ஒண்ணு தனியா கெடக்குது பாருங்க, கீழ வுளுந்துடப் போவுது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே பஞ்சநதம் வந்தார். டிசம்பர் ஏழாம் தேதி வாய்தா, நேரில் ஆஜராக வேண்டும். தாக்கலான இரண்டு மனுக்களின் நகலை நீட்டினார்; இந்த முறை அம்மாள் படித்தார். இரண்டாவது மனுவில் இருப்பதையே சொல்லும்படி வக்கீல் எழுதிக் கொடுத்திருந்தார். நகையை விற்று நிலம் வாங்கினேன், நானே சாகுபடி செய்கிறேன்.

"அத்தான், முதல் மனுவுல எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இருக்கு. இதுல எட்டு ஏக்கரை நானே பாக்குறேன்னு இருக்கு."

"அது வேற மனு, இது வேற மனு."

"ரெண்டுலயும் நான்தானே இருக்கேன்?"

பஞ்சநதம் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "நீலா, நல்லாக் கேட்டுக்க. இந்த வீடு குடும்பச் சொத்து. சொன்னபடி சொன்னா நீ பாட்டுக்கு இருக்கலாம். இல்லேன்னா சாவியைக் குடுத்துட்டு வலங்கைமான் வந்து சேரு. மூணு வேளை சோறு உண்டு. சீட்டுக்கட்டு கெடையாது."

அன்றிலிருந்து அம்மாளுக்கு ஆட்டம் ஓடவில்லை. சனிக்கிழமை சென்னையில் மாநிலப் போட்டி தொடங்குகிறது. வியாழக்கிழமை விசாரணை. பொய் சொன்னால் பொன்னுத்தாயின் வயல் போகும். உண்மையைச் சொன்னால் வீடும் மேசையும் போகும். பதினோரு வருடமாக வைதவ்யம் என்ற பெயரில் அவர் அனுபவித்துவந்த சுதந்திரம் அந்த வீட்டுச் சாவியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

விசாரணை அதிகாரி நாகநாதன். சனிக்கிழமைதோறும் கிளப்பில் அம்மாளிடம் தோற்பவர். வேறு அதிகாரிக்கு இதை மாற்றியிருக்கலாமே என்றால், தஞ்சாவூருக்கு மாற்றலாகி வருபவர் எவரும் அதே கிளப்பில்தான் சேருவார், அதே அம்மாளிடம்தான் தோற்பார். அதனால் இருவரும் முன்பின் பார்க்காதவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். பின் பெஞ்சில் பொன்னுத்தாய். முன்னால் பஞ்சநதமும் வக்கீலும்.

நாகநாதன் முதல் மனுவை வரிவரியாகப் படித்தார். 'கணக்கு வழக்கு தெரியாதவர்' என்ற இடத்தில் அவருக்கு இருமல் வந்தது. போன வாரம்தான் அந்த அம்மாள் அவருடைய பதின்மூன்று சீட்டையும், அவர் கீழே போடுமுன்பே, ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்திருந்தார். ஆனால் கிளப்பில் பட்ட அவமானம் சாட்சியமாகாது.

அவர் மனுவைக் கீழே வைத்துவிட்டு, பழக்கதோஷமோ, வேண்டுமென்றேதானோ, சனிக்கிழமைக் குரலிலேயே கேட்டார்:

"உங்க பக்கம் இப்படிச் சொல்லியிருக்காங்களே, இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

அம்மாள் வக்கீல் எழுதிக் கொடுத்த விடையை வாயில் தயாராக வைத்திருந்தார். ஆனால் இந்தக் கேள்விக்கு அவர் வாய் பதினைந்து வருடமாக ஒரே மாதிரிதான் பதில் சொல்லிப் பழகியிருந்தது.

"பதில் குடுக்க லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்குங்கன்னு அர்த்தங்க. மத்தபடி என்னைப் பத்தின விஷயம் அதுல ஒண்ணும் இல்லீங்க."

வக்கீல் எழுந்தார். நாகநாதன் கையமர்த்தினார். அம்மாள் அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். திரும்பிப் பஞ்சநதத்தைப் பார்த்தார். சாவியை நினைத்தார்.

"இந்த ரெண்டாவது மனு?" என்றார் நாகநாதன்.

"எட்டு ஏக்கர் கையவிட்டுப் போவக்கூடாதுன்னு அர்த்தங்க."

"நகையை வித்து வாங்கினதா ஒரு லிஸ்ட் இருக்கே. ரெட்டைவடச் சங்கிலி, பன்னெண்டு பவுன்."

"இதோ கழுத்துல கெடக்குதுங்க."

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

"சாகுபடி?"

"தாளடி நிக்கிதுங்க. அதுவும் போன மாசம் அந்தம்மா சொல்லித்தான் தெரியும். நான் அந்த வயலைப் பாத்ததே இல்லீங்க. உழுவுறவங்க அவங்கதான்."

நாகநாதன் எழுதிக்கொண்டார். தலை நிமிராமல் எழுதினார். பேனாவை மூடியபோது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதி, அம்மாளிடம் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்திருந்தால்கூட வந்திருக்காது.

வெளியே வந்ததும் பஞ்சநதம் கையை நீட்டினார். "குடியைக் கெடுத்துட்டே. சாவி."

"பொட்டியில இருக்கு. சாயங்காலம் தர்றேன்," என்றார் அம்மாள்.

வீட்டுக்கு வந்து, சாவியோடு வீட்டுக் காகிதங்களையும் ஒப்படைத்துவிடலாம் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தார். கமருன்னிஸா உதவிக்கு உட்கார்ந்தார். கொடுக்கப்போவதை ஒருமுறையாவது படித்துவிட்டுக் கொடுப்போமே என்று அவர்தான் சொன்னார். மூன்றாவது காகிதக் கட்டில் அது இருந்தது. 1951-இல் இன்ஜினியர் காயாரோகணம் தன் சம்பளப் பணத்தில் வாங்கிய வீடு. 1958-இல் மனைவி பெயருக்கு எழுதிவைத்த செட்டில்மென்ட் பத்திரம். சாட்சிக் கையெழுத்து: பஞ்சநதம்.

கமருன்னிஸா இரண்டு முறை படித்தார். "அட அல்லாஹ்! கையில ஒரு துருப்புச் சீட்டு இல்லாம இந்த மனுஷர் இத்தனை வருஷமா ஏலம் கேட்டிருக்காரே!"

நீலாயதாட்சி தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது அழுகைதான் என்று தெரிந்தது. அதன் பிறகு மறுபடி சிரிப்பானது. சாயங்காலம் பஞ்சநதம் வந்தபோது அவருக்குக் காபியும், படித்துப் பார்க்கப் பத்திரமும் கொடுத்தார்கள். காபியைக் குடித்தார். பத்திரத்தைத் தொடவில்லை. தன் கையெழுத்து தனக்குத் தெரியாதா என்ன? அதன் பிறகு அரிசி மூட்டை வரவில்லை. அம்மாள் கடையில் வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை இருவரும் ரயிலேறினார்கள். அந்த முறை அவர்களுக்கு இரண்டாம் இடம்தான். முதல் இரண்டு ஆட்டத்தில் அம்மாள் சீட்டை எண்ணாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததாகக் கமருன்னிஸா கடைசிவரை சொல்லிக் காட்டினார். அம்மாள் மறுக்கவில்லை. தோற்றுவிட்டு இவ்வளவு நன்றாகத் தூங்கியது அதற்கு முன் நடந்ததில்லை என்று மட்டும் சொன்னார்.

எட்டு ஏக்கரும் உபரி என்று உத்தரவானது. அதில் இரண்டு ஏக்கருக்கு 1975-இல் பொன்னுத்தாய் பெயரில் பட்டா வந்தது, மீதி வேறு மூன்று குடும்பங்களுக்குப் போனது.

நீலாயதாட்சி அம்மாள் 1964-க்கும் 1983-க்கும் இடையில் மாநிலப் பெண்கள் கோப்பையை ஆறு முறை வென்றார். தன் பெயரில் இருந்த எட்டு ஏக்கர் தன்னுடையது இல்லை என்று ஒரு முறை சொன்னார்.