பொட்டலத்தில் போன கோமேதகவல்லி

எங்கள் சித்தப்பா கண்டக்டராக இருந்த பஸ்ஸில் ஏறுகிறவர்கள் டிக்கெட் வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். “வீட்டுல பழைய சினிமாப் பாட்டுப் பொஸ்தகம் எதும் கெடக்கா?” அருப்புக்கோட்டையிலிருந்து எம்.ரெட்டியபட்டி போய்த் திரும்புகிற தனியார் பஸ் அது. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பழகிப்போய், ஏறும்போதே “கெடக்கல கண்டக்டரு, கெடச்சாத் தாரேன்” என்று சொல்லிவிட்டுச் சில்லறையை நீட்டினார்கள்.

இப்போது உள்ளவர்களுக்குப் பாட்டுப் புத்தகம் என்றால் விளங்காது. அந்தக் காலத்தில் படக் கொட்டகை வாசலில் விற்ற மெலிந்த புத்தகம். அட்டையில் ஒரு படம், உள்ளே கதைச் சுருக்கம், அப்புறம் பாட்டுகள். வாங்கிக்கொண்டு போனவர்கள் நாலு நாள் பாடிவிட்டு அடுப்பெரிக்கப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போடாமல் தப்பியதையெல்லாம் சித்தப்பா பதினைந்து வருடமாகத் தேடி, ஒரு தகரப் பெட்டி நிறைய வைத்திருந்தார். கூடவே படத்து நோட்டீஸ்கள், கிழிந்த டிக்கெட்டுகள். “கழுதைக்கு அடுத்தபடியா காயிதத்துமேல இம்புட்டு ஆசை வச்ச ஆளு எங்க கொழுந்தனாருதேன்” என்பாள் அம்மா. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அந்தப் பெட்டியைத் தொட வீட்டில் அனுமதி உள்ள ஒரே ஆள் நான். எனக்கு அப்போது பத்து வயது. அந்தப் பெருமையில் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேரிடம் சண்டை.

சித்தப்பாவுக்கு ஒரு எதிரி இருந்தார். காரியாபட்டியில் இரும்புக்கடை வைத்திருந்த அண்ணாச்சி. அறுபது வயதுக்காரர், வெள்ளை வேட்டி, எதைச் சொன்னாலும் திருத்துகிற வாய். அவரிடம் பீரோ பீரோவாகப் பாட்டுப் புத்தகங்கள் இருந்தன. ஒரு நாள் அவர் கடையில் பேசிக்கொண்டிருந்தபோது சித்தப்பா, ‘கோமேதகவல்லி’ என்று ஒரு பழைய படம் வந்ததாகக் கேள்விப்பட்டு அதன் புத்தகத்தைத் தேடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

“அப்பிடி ஒரு படமே வரலியே தம்பி” என்றாராம் அண்ணாச்சி. “எவனோ ஒன்னைய நல்லா ஏமாத்தியிருக்கான்.”

சித்தப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டிவிட்டார். சித்திரை பிறப்பதற்குள் அட்டையிலிருந்து கடைசித் தாள் வரை முழுசாகக் காட்ட வேண்டும். காட்டினால் அண்ணாச்சி தன்னிடம் உள்ள கண்ணாடிச் சிலைடுப் பெட்டியைத் தர வேண்டும். இடைவேளையில் திரையில் விழுமே, ‘புகை பிடிக்காதீர்’, ‘முறுக்கு இங்கே கிடைக்கும்’ என்று, அந்தக் கண்ணாடித் துண்டுகள். காட்டாவிட்டால் சித்தப்பாவின் தகரப் பெட்டி அண்ணாச்சிக்கு. “வேலியில போற ஓணானைப் பிடிச்சு வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டீகளே தம்பி” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பெட்டி போனால் என் பெருமையும் அல்லவா சேர்ந்து போகும்.

பங்குனி முடியப் பத்து நாள் இருக்கையில் புத்தகம் கிடைத்தேவிட்டது. எம்.ரெட்டியபட்டியில் ஒரு பருத்திக்காரர் வீட்டுத் தானியக் குதிருக்குப் பின்னால் சுருண்டு கிடந்ததாம். சித்தப்பா அன்றைக்கே அண்ணாச்சிக்குப் போன் போட்டு, “நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு எங்க அண்ணன் கடைக்கு வாங்க, பெட்டியோட வாங்க” என்று சொல்லிவிட்டார். அவர் வீடு வந்து சேர்ந்தபோது நான் தூங்கிவிட்டிருந்தேன்.

சுருண்ட புத்தகத்தை நிமிர்த்த வேண்டுமே. பழைய காகிதம் சேர்ப்பவர்கள் இதற்கென்று ஒரு வேலை செய்வார்கள். நாளிதழ்களுக்கு நடுவில் புத்தகத்தை வைத்து மேலே பாரம் ஏற்றிவிட்டால் விடிவதற்குள் படிந்துவிடும். எங்களுடையது பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை. அங்கே நாளிதழும் இருந்தது, பாரத்துக்கு எடைக்கல்லும் இருந்தது. சித்தப்பா யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், கடையில் அடுக்கியிருந்த பழைய பேப்பர்க் கட்டுக்கு நடுவில் கோமேதகவல்லியைச் செருகி, மேலே எடைக்கல்லைத் தூக்கி வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டார். விடிகாலை முதல் டிரிப்புக்கு எழுந்து போயும்விட்டார். அந்தக் கட்டு எதற்காக அங்கே இருக்கிறது என்பதை மனுஷன் மறந்தே போனார்.

சனிக்கிழமை. அப்பா சரக்கெடுக்க விருதுநகர் போயிருந்தார். அம்மா வழக்கம்போல் பேப்பர்க் கட்டைப் பிரித்து, பொட்டலத்துக்குத் தோதாகக் கிழித்து அடுக்கிவிட்டுச் சமைக்கப் போனாள். நான் வியாபாரத்தில் உட்கார்ந்தேன். பொட்டலம் மடிப்பதில் எனக்கு நிகர் அந்தத் தெருவிலேயே கிடையாது, இதை அடக்கமில்லாமல்தான் சொல்கிறேன். கை மடிக்கும், கண் வருகிறவர்களைப் பார்க்கும், வாய் வம்பு பேசும். காகிதத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்க்க எனக்கு ஏது நேரம்?

பத்து மணிக்குச் சித்தப்பா வந்தார். கட்டு கிடந்த இடத்தைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. சாமி படம் அச்சடித்த காகிதத்தில் சரக்கு மடிக்கக் கூடாது. அவற்றை அம்மா தனியே எடுத்துப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகிவைப்பாள். வருடத்துக்கு ஒரு தடவை கொண்டுபோய்க் கண்மாயில் கரைப்போம். அந்த இடத்திலிருந்து ஒரு அட்டையும் ஒரு தாளும் எட்டிப் பார்த்தன. அட்டையில் அம்மன் காலடியில் ஒரு ராணி. தாளில் கணபதி துதி.

“மதினி! இது எங்கன கெடந்துச்சு? மத்த தாளெல்லாம் எங்க?”

“பேப்பர்லதேன் தம்பி கெடந்துச்சு. மத்ததத் தாளு தாளாக் கிழிச்சுப் பொட்டலத்துக்குப் போட்டேன். ஏன், என்னாச்சு?”

சித்தப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் அம்மா, தான் கிழித்ததை மறந்து, “கொரங்கு கையில பூமாலையக் குடுத்த மாதிரி, மடிக்கிறவ பாத்து மடிக்க வேண்டாமா?” என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். குட்டு வலிக்கவில்லை. சித்தப்பா என்னை ஒரு வார்த்தை கூடத் திட்டாமல் உட்கார்ந்திருந்ததுதான் வலித்தது. எனக்கு அழுகை வந்தது, அழுகையோடு ஒரு யோசனையும் வந்தது.

“சித்தப்பா, அந்தத் தாளு சின்னது. சின்னத் தாள்ல நான் சின்னப் பொட்டலம்தேன் போடுவேன். சீரகம், கடுகு, மெளகு, பொட்டுக்கடல. யாரு யாரு வாங்குனாகன்னு எனக்குத் தெரியும்.”

தெரியாமல் என்ன? காலையில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டுக்கொண்டுதானே பொட்டலத்தையே கொடுப்பேன்! ஊர்வம்பு பேசுகிற என் வாய் உருப்படியாகப் பயன்பட்ட முதல் நாள் அது. காணாமல் போனது ஏழு தாள். சித்தப்பா சைக்கிளை எடுத்தார், நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

ரசம் வைக்கிற வீட்டில் மிளகுப் பொட்டலம் பிரிக்காமலே கிடைத்தது. மீன் குழம்பு வீட்டில் தாள் குப்பைக் கூடையில், நல்லவேளை, மேலாகவே கிடந்தது. ஒரு வீட்டில் அதைப் படகாக மடித்துக் குழந்தையிடம் கொடுத்திருந்தார்கள். தண்ணீரில் விடப்போகிற நேரத்தில் நான் பிடுங்கிவிட்டேன். குழந்தை தெருவே அதிர அழுதது. இன்னொரு வீட்டில் சீரகத்தைக் கொட்டிக் கொடுத்துவிட்டு, “காயிதத்தத் திருப்பிக் கேக்குற கடைய இன்னைக்குத்தேன் பாக்கேன். நாளைக்குச் சீரகத்தையும் கேப்பீகளோ?” என்றார்கள். பன்னிரண்டு மணிக்குள் ஆறு தாள் கையில் இருந்தது. எண்ணெய்ப் பொட்டும் மஞ்சள் கறையும் இருந்தாலும் எல்லாம் முழுத் தாள்.

ஏழாவது தாள் ஊரிலேயே இல்லை. விடிந்ததும் பருத்தி எடுக்கப் போன பெண்களில் ஒரு அக்கா பொட்டுக்கடலையும் ஒரு துண்டு வெல்லமும் ஒரே பொட்டலமாக வாங்கிக்கொண்டு லோடு ஆட்டோவில் ஏறினாள். எந்த ஊர்க் காடு என்று நான் கேட்டிருந்தேன். எம்.ரெட்டியபட்டிப் பக்கம் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

“நம்ம ரூட்டுத்தேன்!” என்று குதித்தார் சித்தப்பா. மத்தியான டிரிப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டார். டிரைவர் பக்கத்தில் எஞ்சின் மேல் உட்கார்ந்து நான் காட்டைப் பார்த்துக்கொண்டே போனேன். கருவேலமும் கரிசலும் வெள்ளைப் பருத்தியுமாக வெயிலில் கண் கூசியது. பின்னால் சித்தப்பா டிக்கெட் கிழிக்கக் கிழிக்க எல்லோரிடமும் கதையைச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், பஸ் முழுக்கத் தலையை வெளியே நீட்டிவிட்டது. “அந்தா ஒரு கூட்டம்!” “அது வெறகு பொறக்குறவுக.” “ஏ டிரைவரு, மெதுவாப் போப்பா, புள்ள பாக்கட்டும்!”

நான்தான் முதலில் பார்த்தேன். பச்சைச் சேலை, தலையில் சிவப்புத் துண்டு. “அந்தா!” என்று நான் கத்திய கத்தலில் டிரைவர் நடுரோட்டில் பிரேக் போட்டார். ஹாரன் ஒரு நிமிஷம் நிற்காமல் அடித்தது. அக்கா மடியில் பருத்தியோடு பதறி ஓடிவந்தாள், யாருக்கு என்ன ஆச்சோ என்று.

“பொட்டலத்துக் காயிதமா? அதுக்கா பஸ்ஸ நிப்பாட்டுனீக? நல்ல ஆளுகப்பா!” என்று சிரித்தாள். கடலையைத் தின்று முடித்துவிட்டாள். ஆனால் தாளை எறியவில்லை. ராணியும் கிளியும் உள்ள படம் அழகாக இருக்கிறதே என்று மடித்து இடுப்பில் செருகியிருந்தாள். “தாரேன். ஆனா இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொன்னாத்தேன் தருவேன்.”

ராணி தொலைந்த கிளியைத் தேடிப் பாடுகிற பாட்டு அது. சித்தப்பா படிக்கவில்லை, படிக்கட்டில் நின்று பாடியே காட்டினார். மெட்டு தெரியாததால் தானே ஒரு மெட்டுப் போட்டார். பஸ் முழுக்கக் கைதட்டல். பாதியில் சித்தப்பாவின் குரல் நின்றது. வெல்லம் ஒட்டி உரிந்ததில் நடுவே நாலு வரி காணாமல் போயிருந்தது.

கடைக்குத் திரும்பியபோது மூன்றரை மணி. அண்ணாச்சி அதற்குள் வந்து, மடியில் மரப்பெட்டியோடு அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா அட்டையையும் எட்டுத் தாளையும் அவர் முன்னால் வரிசையாகப் பரப்பினார். அண்ணாச்சி டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டார். ஒவ்வொரு தாளையும் இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார். கடைசித் தாளில் அவர் விரல் நின்றது.

“இதுல நாலு வரி இல்லியே தம்பி.”

சித்தப்பா விடுகிற ஆளா? “தாளு இருக்குல்ல அண்ணாச்சி! நாலு வரிதான போச்சு? கேளுங்க, பாட்டையே பாடுறேன்” என்று பஸ்ஸில் பாடியதை அதே மெட்டில் எடுத்துவிட்டார்.

“மெட்டு அப்பிடியில்ல தம்பி” என்றார் அண்ணாச்சி. கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் போட்டு அவரே பாட ஆரம்பித்தார். கரகரத்த குரல், ஆனால் ஒரு இடத்திலும் இடறவில்லை. காணாமல் போன நாலு வரியையும் நடுவில் கோத்து முழுப் பாட்டையும் முடித்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த நாலு வரியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தாளோடு சேர்த்து வைத்தார்.

“இப்ப முழுசா இருக்கு. நீ ஜெயிச்சுட்டப்பா” என்று சொல்லி மரப்பெட்டியைச் சித்தப்பாவின் கையில் கொடுத்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கன்னம் வரை வழிந்தது. துண்டால் துடைத்துக்கொண்டே பஸ் ஏறப் போனார்.

எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை! அன்று சாயங்காலம் சிலைடுகளை ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பிடித்து, ஜெயித்த கதையைத் தெரு முழுக்கச் சொன்னேன். தோற்ற ஆத்திரத்தில்கூட அடுத்தவர் மெட்டைத் திருத்துகிற கிழவர் என்று அண்ணாச்சியைப் போலப் பாடிக் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அழுதுகொண்டே போனதையும் விடாமல் நடித்தேன்.

இப்போது நானும் பழைய புத்தகம் தேடி ஊர் ஊராக அலைகிற ஆள்தான். நாலு வருடத்துக்கு முன் ஒரு வீட்டில், நான் ஆறேழு வருடமாகத் தேடிய சமையல் புத்தகம் இருப்பதாகத் தெரிந்தது. கெஞ்சிக் கேட்டும் வீட்டுக்காரர் அசையவில்லை. அலுத்துப்போய், அப்படி ஒரு புத்தகம் அச்சானதே இல்லை போலிருக்கிறது என்று சொன்னேன். மனுஷன் கோபத்தில் உள்ளே போய், எடுத்துவந்து என் மடியில் போட்டார். பக்கம் பக்கமாகப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

வராத படத்துக்கு மெட்டு ஏது என்று பத்து வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சின்னப் பையனாக எந்தக் கொட்டகையில் எத்தனை தடவை அந்தப் பாட்டைக் கேட்டாரோ அண்ணாச்சி! அந்தப் படம் வரவே இல்லை என்று எத்தனை ஊரில், எத்தனை பேரிடம், எத்தனை வருடம் சொல்லிப் பார்த்தாரோ!

சித்தப்பாவுக்கு இன்றும் அது தெரியாது. வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லி, “தோத்துட்டு அழுதுக்கிட்டே போனாருல்ல, என்ன பாப்பா?” என்று என்னையும் சாட்சிக்கு இழுப்பார்.

“ஆமா சித்தப்பா” என்பேன் நான்.