ஈயத்தாள் திணித்த கசெட்

எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான்தான் அதை விட்டேன் என்றும் சொல்லலாம். இன்று மாத்தளையில் என் பஸ்கள் நான்கு ஓடுகின்றன. வீட்டுக்குள் இருந்தபடியே எஞ்சின் சத்தத்தைக் கேட்டு எந்த பஸ்ஸுக்கு என்ன குறை என்று சொல்லிவிடுவேன். கோர்ஸ் முடித்துச் சான்றிதழோடு வருகிற மெக்கானிக்குகள்கூட, "ஒருக்கா வந்து கேட்டுச் சொல்லுங்க ஐயா" என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன். என் காது அப்படிப்பட்ட காது. அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் அந்தக் காரியத்தையும் செய்தேன்.

அப்போது எனக்கு ஒரே ஒரு வேன். பள்ளிக்கூடச் சவாரி. அலுவிகாரையில் ஒரு கணக்கு டீச்சர் ஏறுவார். அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க வேலைக்கு வந்து இங்கேயே தங்கிக் காலமானவர். வீட்டில் அம்மாவும் டீச்சரும் மட்டும். டீச்சருக்கும் எனக்கும் முப்பது தாண்டியிருந்தது. கல்யாணம் என்ற பேச்சை இரண்டு வீட்டிலும் விட்டுவிட்டார்கள்.

என் முன் கண்ணாடியில் முகம் விழும் இருக்கை ஒன்று உண்டு. டீச்சர் எப்போதும் அதில்தான் உட்காருவார். தற்செயல் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் வேறொரு டீச்சர் அதில் உட்கார்ந்துவிட்டார். "அது என்ர இடம். கொஞ்சம் தள்ளி இருங்கோ" என்றார் இவர். அன்றைக்கு நான் வேன் ஓட்டவில்லை, மிதந்தேன்.

"உங்கட வேனில எப்ப பாத்தாலும் சிங்களப் பாட்டு. தமிழ்ப் பாட்டு பிடிக்காதோ?" என்று ஒருமுறை கேட்டார்.

"எனக்குப் புடிக்கும் டீச்சர். ரோட்டுக்குத்தாங்க புடிக்காது."

சிரித்தார். அவருக்கும் தெரியும். சண்டை நடந்த அந்த வருஷங்களில் தமிழ் டிரைவர்கள் எல்லோரிடமும் ஒரு வித்தை இருந்தது. கசெட்டின் தொடக்கத்தில் இரண்டு சிங்களப் பாட்டு, அதற்குப் பிறகு தமிழ். செக்பாயிண்ட் தெரிந்ததும் நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிட வேண்டும். ஆமிக்காரன் தலையை உள்ளே விடும்போது அவனுக்குத் தெரிந்த பாட்டு ஓட வேண்டும். இந்த வித்தையில் மாத்தளையில் என்னை மிஞ்ச ஆளில்லை.

பிறகு சமாதானம் என்றார்கள். வடக்குப் பாதையைத் திறந்தார்கள். ஒரு பின்னேரம் எல்லோரும் இறங்கிய பிறகு டீச்சர் இறங்காமல் நின்றார்.

"அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகவேணும். அண்ணா அங்க வீட்டைப் பாத்துக்கொண்டு இருந்தவர். ரெண்டு வருஷமா ஒரு சேதியும் இல்லை. போய்த் தேடவேணும். வேற வேன் பிடிக்க மனமில்லை."

உண்மையைச் சொன்னால், அண்ணன் என்ற ஆள் என் மனதில் பதியவே இல்லை. வேற வேன் பிடிக்க மனமில்லை என்றதுதான் பதிந்தது. அதையே சொல்லிச் சொல்லி எல்கடுவை ஏற்றம் முழுக்க ஏறினேன்.

பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர்கள் வீட்டு ரேடியோ செட்டைக் கொண்டுவந்து தந்தார். பெல்ட் அறுந்து கசெட் உள்ளே சிக்கியிருந்தது.

"உள்ளுக்க ஒரு கசெட் இருக்கு. கவனம்."

"பயப்படாதீங்க டீச்சர். என் கைக்கு வந்த சாமான் கெட்டுப்போனதா சரித்திரமே இல்லைங்க."

என்ன கசெட் என்று அவர் சொல்லவில்லை. வடக்கிலிருந்து வந்த பொருள் எதையும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத காலம் அது. பாதை திறந்தாலும் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செட்டைப் பிரித்துக் கசெட்டை எடுத்தேன். நாடாவில் ஒரு கீறல் இல்லை. ஜப்பான் கசெட். நம் கடைகளில் கிடைக்காத சாமான். பெயர் ஒட்டவில்லை. போட்டுப் பார்த்தேன், ஒரு பக்திப் பாட்டு. கொஞ்சம் ஓடவிட்டேன். இன்னொரு பக்திப் பாட்டு. சாமிப் பாட்டுக் கசெட் என்று முடிவு கட்டி நிறுத்தினேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பயணத்துக்கு அவருக்காக ஒரு பாட்டுக் கசெட் செய்ய வேண்டும் என்று நான் ஏற்கனவே பாட்டுகளைப் பொறுக்கி வைத்திருந்தேன். அதை அவர்கள் வீட்டுக் கசெட்டிலேயே பதிந்து கொடுத்தால்? அந்த வீட்டுப் பொருளுக்குள் நானும் போய் உட்கார்ந்தது போல இருக்குமே.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கசெட்டின் மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும், பக்கத்துக்கு ஒன்று. அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மேலே எதுவும் பதிய முடியாது. கடையில் விற்கும் பாட்டுக் கசெட்டில் இரண்டு பல்லும் உடைந்திருக்கும். இதில் ஒன்றுதான் உடைந்திருந்தது, முதல் பக்கத்தில். பார்த்தேன். என்னைப் போன்ற கெட்டிக்காரன் அங்கே நின்று யோசித்திருக்க வேண்டும். மறுபக்கம் வெறும் நாடா. அதில் பதிந்திருக்கலாம். ஆனால் போட்டதும் என் பாட்டு வர வேண்டும், முதல் பக்கம்தான் வேண்டும் என்ற வீம்பு. உடைந்த பல்லுக்கும் என்னிடம் வித்தை இருந்தது. சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சின்னதாக மடித்து அந்தக் குழியில் திணித்தேன். பதியும் பொத்தான் சத்தமில்லாமல் இறங்கியது.

முதலில் இரண்டு சிங்களப் பாட்டு, பழக்கதோஷம். பிறகு மெதுவாகத் தொடங்கும் ஒரு தமிழ்ப் பாட்டு, அவர் மழை பிடிக்கும் என்று சொன்னதற்காக மழைப் பாட்டு ஒன்று, வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாததைச் சொல்லும் பாட்டு மூன்று. ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே மூச்சுவிடுகிற அளவு இடைவெளி. கடைசிப் பாட்டு முடிந்தபோது நாடா இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. போதும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை டீச்சர் கேட்டார்: "செட் சரியோ? அந்தக் கசெட்?"

"பத்திரமா இருக்குங்க. நாளைக்குப் பாப்பீங்க."

"மறக்காமக் கொண்டுவாங்கோ. அம்மாவுக்குப் பயணத்தில வேணும்."

அம்மாவுக்குச் சாமிப் பாட்டு வேணுமாம் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை விடிய அலுவிகாரையில் ஏற்றினேன். வாந்தி வரும் என்று அம்மா முன்னால் என் பக்கத்தில். டீச்சர் தன் இடத்தில். மடியில் ஒரு சேர்ட் பார்சல், அண்ணனுக்கு. கசெட்டைப் போட்டேன். ஊர் எல்லையில் அப்போதும் ஒரு காவலரண் இருந்தது. ஆமிக்காரன் சிங்களப் பாட்டைக் கேட்டு, "ஹரி, யன்ன" என்று, போகலாம் எனக் கையைக் காட்டினான். கண்ணாடியில் டீச்சர் சிரிப்பு.

பிறகு தமிழ்ப் பாட்டு தொடங்கியது. "அட, ரோட்டுக்குப் பிடிச்சிட்டுதோ?" என்றார். நாலந்தாவைத் தாண்டும்போது மழைப் பாட்டு. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அம்மாகூட முழங்காலில் விரலால் தாளம் போட்டார். என் வாழ்க்கையில் அப்படியொரு பாதை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

நாவுலையும் தாண்டினோம். தம்புள்ளைக்குக் கொஞ்சம் முன்னால் கடைசிப் பாட்டு முடிந்தது. கிளிக் என்று ஒரு சத்தம். அப்புறம் ஓர் ஆணின் குரல், பேச்சின் நடுவிலிருந்து:

"...கிணத்துக்குப் புது வாளி ஒண்டு வாங்கிப் போட்டிருக்கிறன் அம்மா. பழசு ஓட்டை. சரி, நாடா முடியப்போகுது. தங்கச்சி, அம்மாவைப் பாத்துக்கொள். நான் பேந்து..."

பிறகு என்ன என்று வருமுன் நாடா நின்றது.

அம்மா செட்டின் மேல் கையை வைத்தார். "என்ர பிள்ளை. தம்பி, முன்னுக்கு உள்ளதைப் போடுங்கோ. அவன் கன நேரம் கதைச்சவன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து யாரோ கையில் தன் குரலைக் கொடுத்தனுப்பிய அண்ணன், வழியில் ஆமிக்காரன் போட்டுக் கேட்டாலும் பிடிபடாமல் இருக்க முன்னுக்கு இரண்டு சாமிப் பாட்டு வைத்திருக்கிறான். மேலே யாரும் பதிந்துவிடாமல் பல்லையும் உடைத்திருக்கிறான். என் வித்தைதான் அது. அப்படியே என் வித்தை.

வேனை ஓரம் கட்டினேன்.

"செட்டு நாடாவ இழுத்துத் தின்னுருச்சுங்கம்மா" என்றேன். "கெட்டுப்போனத வெட்டிட்டு வேற நாடா ஒட்டி, அதுல பாட்டப் போட்டேன். இவ்வளவுதான் மிஞ்சிச்சு."

அம்மா என் கையைப் பிடித்தார். "நீங்கள் திருத்தினபடியாத்தான் தம்பி, இவ்வளவெண்டாலும் மிஞ்சினது."

"கசெட்டை ஒருக்காத் தாங்கோ" என்றார் டீச்சர்.

கொடுத்தேன். பிரித்து ஒட்டிய கசெட்டா என்று பார்க்கவில்லை அவர். விளிம்பைத் தடவினார். நகத்தால் ஈயத்தாளை நோண்டி எடுத்தார். அது காலை வெயிலில் மினுங்கியது. முன்னால் குனிந்து அதை என் உள்ளங்கையில் வைத்தார். கசெட்டையும் தந்தார்.

"அம்மாவுக்கு இன்னொருக்காப் போடுங்கோ."

வவுனியா வரைக்கும் போட்டேன். எவ்வளவு சுற்றினால் என் கடைசிப் பாட்டு வராமல் அந்தக் கிளிக் சத்தத்திலிருந்து தொடங்கும் என்று என் விரலுக்குப் பழகிவிட்டது. கிளிக். புது வாளி. நான் பேந்து. மறுபடியும் கிளிக்.

ஊரில் அவர்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. அக்கம்பக்கத்தில் ஆளும் இல்லை. நான்கு நாள் தேடினோம், கேட்காத இடமில்லை. கிணற்றடியில் ஒரு வாளி கிடந்தது, கயிறு இல்லாமல். அம்மா அதைத் துடைத்து வேனில் ஏற்றினார். சேர்ட் பார்சல் பிரிக்காமலே திரும்பி வந்தது.

திரும்பும்போது டீச்சர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடச் சவாரியிலும் அங்கேதான். கண்ணாடியை எப்படித் திருப்பிப் பார்த்தும் அந்த இடம் விழாது. ஆறேழு மாதத்தில் மாற்றம் கேட்டு வேறு பள்ளிக்கூடம் போய்விட்டார். ஏன் போகிறீர்கள் என்று நானும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

பஸ் வாங்கினேன், இன்னொன்று வாங்கினேன். என் பஸ் எதிலும் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி வந்தால் எனக்கு மூச்சு நிற்கும். கசெட் போய் எல்லாம் மாறிவிட்ட பிறகும் அந்த இடைவெளி இருக்கிறது. அதற்குள் கிளிக் சத்தம் கேட்கும். என் காது அப்படிப்பட்ட காது.

பல வருஷம் கழித்து மாத்தளைத் தேர்த் திருவிழாவில் டீச்சரின் அம்மாவைக் கண்டேன். கூட வந்த பெண்களிடம் என்னைக் காட்டி, "இந்தத் தம்பிதான் என்ர பிள்ளையின்ர குரலைக் காப்பாத்தித் தந்தவர்" என்றார். பக்கத்தில் டீச்சர் நின்றார், தலையில் நரை. என்னைப் பார்க்கவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.